குதிரை மாதிரி சாப்பிட்டு மரக்கட்டை மாதிரி தூங்குவது: அன்றாட ஆங்கில உவமைகளுக்கு ஒரு வழிகாட்டி

“ஷீ ஈட்ஸ் லைக் எ பேர்ட்” என்றால் அந்தப் பெண் கொறிக்கிற அளவுதான் சாப்பிடுகிறாள். “ஹீ ஈட்ஸ் லைக் எ ஹார்ஸ்” என்றால் அவன் பானையைக் காலி செய்கிறவன். “ஹீ ஈட்ஸ் லைக் எ பிக்” என்றால் பேச்சு அளவோடு நிற்கவில்லை. வாயைத் திறந்து மென்று, மேசையெல்லாம் சிந்தி, பார்க்கிறவர் முகம் சுளிக்கும்படி சாப்பிடுகிறான். மூன்று வாக்கியத்திலும் வினை ஒன்றே. பறவை வந்தால் குறைவு, குதிரை வந்தால் அதிகம், பன்றி வந்தால் அசிங்கம்.

இந்தச் சொற்கள் எல்லாம் இரண்டாம் வகுப்புப் பையனுக்கே தெரியும். ஆனாலும் அலுவலகக் கூட்டத்திலோ வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடரிலோ இவை வந்து விழும்போது நன்றாகப் படித்தவர்களே ஒரு கணம் விழிக்கிறார்கள். காரணம் எளிது. அந்த விலங்கிடமிருந்து ஆங்கிலம் பேசுகிறவர்கள் எந்தக் குணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பது சொல்லில் இல்லை, அவர்கள் பழக்கத்தில் இருக்கிறது. நாம் அந்த இடத்தில் நம்மூர் விலங்கின் குணத்தைப் போட்டு நிரப்பிவிடுகிறோம். ஆகவே கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: எந்தக் குணம்?

முதல் படி: மூன்று வடிவத்தில் எது என்று பாருங்கள்

ஒப்புமை ஆங்கிலத்தில் பெரும்பாலும் மூன்று உடுப்பில் வரும்.

ஒன்று, ‘அஸ்… அஸ்’ வடிவம்: “அஸ் பிஸி அஸ் எ பீ”. இதில் குணம் வெளிப்படையாகவே இருக்கிறது; ‘பிஸி’ என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு, ‘லைக்’ வடிவம்: “ஹீ வொர்க்ஸ் லைக் எ டாக்”. இங்கே குணம் மறைந்திருக்கிறது. நாய் எப்படி வேலை செய்யும் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். (கடுமையாக, ஓய்வில்லாமல் என்று பொருள், விசுவாசமாக என்று அல்ல.)

மூன்று, உருபே இல்லாத வடிவம்: “ஹீ இஸ் எ சிக்கன்”. நம் இலக்கணத்தில் உருவகம் என்போமே, அது. கோழி என்றால் பயந்தாங்கொள்ளி. இது பெயர்ச்சொல்லோடு நிற்பதில்லை, வினையாகவும் மாறும். “சிக்கன் அவுட்” என்றால் பயந்து பின்வாங்குவது. “வுல்ஃப் டவுன்” அவசர அவசரமாக விழுங்குவது. “பேட்ஜர்” பண்ணுவது விடாமல் நச்சரிப்பது. “பேரட்” பண்ணுவது புரியாமல் திருப்பிச் சொல்வது. “ஃபிஷ் ஃபார் காம்ப்ளிமென்ட்ஸ்” பாராட்டுக்குத் தூண்டில் போடுவது. பெயரடையாகவும் வரும்: ‘ஃபிஷி’ என்றால் சந்தேகத்துக்கு இடமானது, ‘ஷீப்பிஷ்’ என்றால் மாட்டிக்கொண்டு அசடு வழிவது, ‘பிக்-ஹெடட்’ என்றால் பிடிவாதம். ‘டாகெட்’ மட்டும் பாராட்டு. எடுத்த காரியத்தை விடாத உறுதி.

முதல் வடிவத்தில் தவறு நேர வாய்ப்புக் குறைவு. இரண்டாவதில் அதிகம். மூன்றாவதில், ஒப்புமை என்று ஒன்று நடந்ததே தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் படி: ‘அஸ்… அஸ்’ வந்தால் ‘ரொம்ப’ என்று மாற்றிப் பாருங்கள்

“அஸ் ஸ்டபர்ன் அஸ் எ ம்யூல்” – ரொம்பப் பிடிவாதம். “அஸ் கொயட் அஸ் எ மவுஸ்” – ரொம்ப அமைதி. “அஸ் ஸ்ட்ராங் அஸ் அன் ஆக்ஸ்” – ரொம்ப பலசாலி. “அஸ் டெஃப் அஸ் எ போஸ்ட்” – சுத்தமாகக் காது கேட்காது. பத்தில் எட்டு முறை இந்த மாற்று சரியாக உட்காரும். பின்னால் வரும் விலங்கையோ பொருளையோ பற்றி யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அது அளவைக் கூட்டுவதற்கு மட்டும் வந்தது. “அஸ் ரைட் அஸ் ரெயின்” என்பதில் மழை எப்படிச் ‘சரி’யாக இருக்கும் என்று ஆங்கிலேயரைக் கேட்டால் அவரும் கையை விரிப்பார். ‘ர’வும் ‘ர’வும் மோனையாக வருகின்றன, சொல்ல வாகாக இருக்கிறது, நின்றுவிட்டது. ‘பிஸி-பீ’, ‘கூல்-குக்கும்பர்’, ‘டெட்-டோடோ’ எல்லாம் அந்த மோனைப் பிள்ளைகளே. “ட்ரங்க் அஸ் எ ஸ்கங்க்” இயைபுக்காக வந்தது. அந்தப் பிராணி குடிப்பதில்லை.

காதால் கேட்கும்போது ஒரு தொல்லை உண்டு. இந்த ‘அஸ்’ அழுத்தமில்லாத சொல். ‘ஆஸ்’ என்று தெளிவாக உச்சரிக்க மாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். முதல் ‘அஸ்’ பல நேரம் வராமலே போகும்: “ஹீ இஸ் ப்ளைண்ட் அஸ் எ பேட்”. ஆகவே இரண்டு ‘அஸ்’ஸையும் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பண்புச்சொல், உடனே ஒரு விலங்கு அல்லது பொருள் என்ற வரிசை காதில் விழுந்தால் போதும்.

மீதி இரண்டு முறை எங்கே தவறும்? பண்புச்சொல்லுக்கே இரண்டு பொருள் இருக்கும் இடத்தில். வெள்ளரிக்காயோடு வரும் ‘கூல்’ பதற்றம் இல்லாத நிதானம். குளிர்ச்சியும் அல்ல, இந்தக் காலத்துப் பையன்கள் சொல்லும் ‘கூல்’லும் அல்ல. “திக் அஸ் டூ ஷார்ட் ப்ளாங்க்ஸ்” என்றால் மரமண்டை. அதே ‘திக்’, “திக் அஸ் தீவ்ஸ்” என்று வந்தால் இணைபிரியாத கூட்டாளிகள். “ஷார்ப் அஸ் எ டாக்” (இந்த ‘டாக்’ நாய் அல்ல, சிறு ஆணி) என்றால் கூரிய அறிவு. “ஹார்ட் அஸ் நெயில்ஸ்” என்று மனிதரைச் சொன்னால் இரக்கமில்லாதவர் அல்லது எதற்கும் அசையாதவர். “மேட் அஸ் எ ஹேட்டர்” பைத்தியக்காரத்தனம். “மேட் அஸ் எ ஹார்னெட்” என்று அமெரிக்கர் சொன்னால் கடுங்கோபம். “சிக் அஸ் எ டாக்” உண்மையிலேயே உடம்பு சரியில்லாதது, பெரும்பாலும் வாந்தியோடு. “சிக் அஸ் எ பேரட்” என்பதோ பிரிட்டிஷ் கால்பந்து உலகத்துச் சொல், 1970களில் பரவியது. தோற்றுப்போய் மனம் நொந்திருப்பதைச் சொல்லும். மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்.

இன்னொரு பொறி, கேலி. “க்ளியர் அஸ் மட்” – சேறு மாதிரித் தெளிவு, அதாவது ஒன்றும் புரியவில்லை. “அபவுட் அஸ் யூஸ்ஃபுல் அஸ் எ சாக்லேட் டீபாட்” – சாக்லேட்டில் செய்த தேநீர்க் கெண்டி எவ்வளவு பயன்படுமோ அவ்வளவு. முன்னால் ‘அபவுட்’ ஒட்டிக்கொண்டு வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பின்னால் வருவது நையாண்டி. உங்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டு மேலாளர் “க்ளியர் அஸ் மட்” என்று சிரித்தபடி சொன்னால், நன்றி சொல்லாமல் மறுபடி விளக்கத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: ‘லைக்’ வந்தால் தொல்காப்பியரிடம் கேளுங்கள்

தமிழ் படித்தவருக்கு இங்கே ஒரு வசதி. தொல்காப்பிய உவமவியல் உவமை எதன் அடிப்படையில் தோன்றும் என்பதை நான்காகப் பிரிக்கிறது: வினை, பயன், மெய், உரு. புலிமறவன் என்றால் பாய்ச்சல் என்ற வினை, மழைக்கை என்றால் கொடுப்பதால் வரும் பயன், துடியிடை என்றால் வடிவம், தளிர்மேனி என்றால் நிறம் என்று பள்ளியில் படித்ததுதான். ஆங்கில உவமை எதுவானாலும் இந்த நான்கு கேள்வியையும் வரிசையாகக் கேட்டால் மறைந்த குணம் வெளியே வந்துவிடும்.

‘லைக்’ வடிவத்தில் பெரும்பாலானவை வினை. “ஸ்லீப் லைக் எ லாக்” – மரக்கட்டை புரளாது, எழாது. அப்படி ஒரு தூக்கம். “வாட்ச் லைக் எ ஹாக்” – வல்லூறு போலக் கண் எடுக்காமல் கவனிப்பது. “ட்ரிங்க் லைக் எ ஃபிஷ்” – மது, அதுவும் அளவில்லாமல். தண்ணீர் நிறையக் குடிக்கிறவரை அப்படிச் சொன்னால் அவர் திடுக்கிடுவார். “ரன்னிங் அரவுண்ட் லைக் எ ஹெட்லெஸ் சிக்கன்” – தலை வெட்டிய கோழி துடித்து ஓடுவதைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. திட்டமே இல்லாமல் அலைபாய்வது. “லைக் எ புல் இன் எ சைனா ஷாப்” என்பதில் வரும் சைனா நாடு அல்ல, பீங்கான். பீங்கான் கடைக்குள் காளை. நம்மூரில் கரும்புத் தோட்டத்துக்குள் யானை.

அலுவலகத்தில் அதிகம் கேட்பது “லைக் ஹெர்டிங் கேட்ஸ்”. பூனைகளை மந்தையாக ஓட்ட முடியாது. ஒவ்வொன்றும் ஒரு திசை. பத்துப் பேரை ஒரு தேதிக்கு ஒத்துக்கொள்ள வைப்பது, அவிழ்ந்த நெல்லிக்காய் மூட்டையைக் கட்டுவது போல என்று நாம் சொல்வோமே, அந்தப் பாடு.

தண்ணீர் சம்பந்தப்பட்ட மூன்று உவமைகளைக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. “லைக் எ டக் டு வாட்டர்” – புதிய வேலை ஒன்று தொட்டவுடன் படிந்துவிடுவது. மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா என்று நாம் கேட்பது பரம்பரையைப் பற்றியது; இந்த வாத்து பரம்பரையைப் பேசவில்லை. “லைக் வாட்டர் ஆஃப் எ டக்ஸ் பேக்” – என்ன திட்டினாலும் உறைக்கவில்லை, வாத்தின் முதுகில் தண்ணீர் வழிந்து ஓடுவது போல. தாமரை இலைத் தண்ணீர் என்று மொழிபெயர்க்கத் தோன்றும். பற்றில்லாத நிலையை அது சொல்கிறது, ஆங்கிலத்து வாத்து வசவுக்கு அசையாததை மட்டும் சொல்கிறது. “லைக் எ ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்” – பழக்கமில்லாத இடத்தில் நெளிவது. உயிருக்குத் துடிப்பது என்று நாம் எடுக்கும் அளவுக்கு அதில் தீவிரம் இல்லை. கோட்டு சூட்டு விருந்தில் வேட்டியோடு நிற்பவரின் சங்கடம், அவ்வளவே.

மெய்யும் உருவும் எளிது. “தின் அஸ் எ ரேக்” வடிவம், “பேக்ட் லைக் சார்டீன்ஸ்” டப்பாவில் அடுக்கிய மத்தி போன்ற நெருக்கடி, “வைட் அஸ் எ ஷீட்” வெளுத்த முகம். பயனுக்குச் சாக்லேட் கெண்டியே போதும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: உயிரியல் அறிவைக் கொண்டுவராதீர்கள். வௌவாலுக்குக் கண் தெரியும். பன்றிக்கு வியர்ப்பது மிகக் குறைவு, ஆனாலும் “ஸ்வெட் லைக் எ பிக்” என்பார்கள். காளைக்குச் சிவப்பு நிறம் பெரிதில்லை, துணி அசைவதுதான் அதைச் சீண்டுகிறது. ஆனாலும் “லைக் எ ரெட் ராக் டு எ புல்” நிலைத்துவிட்டது. அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பதாக நாமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

நான்காம் படி: நம்மூர் விலங்கைக் கழற்றி வையுங்கள்

நரி, பாம்பு, சிங்கம், தேனீ – இவை இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே வேலை செய்கின்றன. தந்திரம், வஞ்சம், வீரம், சுறுசுறுப்பு. இவற்றை விட்டுவிடலாம். ‘ஃபாக்ஸி’ மட்டும் ஆளின் கவர்ச்சியைச் சொல்லும் கொச்சை என்று தெரிந்திருந்தால் போதும்.

சிக்கல் தருவது பெயர் ஒன்றாகவும் குணம் வேறாகவும் உள்ளவை.

ஆந்தை நமக்கு அபசகுனம், அல்லது திருதிரு முழி. ஆங்கிலத்தில் அது அறிவாளி: “வைஸ் அஸ் அன் அவுல்”. இரவு விழித்திருப்பவர் ‘நைட் அவுல்’. நாம் ‘ஆந்தை மாதிரி முழிக்கிறான்’ என்கிற இடத்துக்கு ஆங்கிலத்தில் ஆந்தை வராது. பிரிட்டனில் “லைக் எ ராபிட் இன் தி ஹெட்லைட்ஸ்”, அமெரிக்காவில் “லைக் எ டியர் இன் தி ஹெட்லைட்ஸ்”. வண்டி வெளிச்சத்தில் உறைந்து நிற்கும் முயலும் மானும்.

மயில் இங்கே முருகன் வாகனம், அழகு, நடனம். அங்கே “ப்ரவுட் அஸ் எ பீகாக்”, தற்பெருமை. கிளி மாதிரிப் பெண் என்று மெச்சும் நினைப்பில் ‘பேரட்’டை இழுத்தால், அவள் சொன்னதையே சொல்கிறவள் என்று ஆகிவிடும். (சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை நம்மிடமும் உண்டு, ஆங்கிலம் அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.) குயில் குக்கூ குடும்பத்துப் பறவை, ஆனால் ஆங்கிலத்தில் ஒருவரை ‘குக்கூ’ என்றால் கிறுக்கு. குரல் இனிமைக்கு அவர்களிடம் ‘நைட்டிங்கேல்’, ‘லார்க்’ உண்டு. “ஹீ சேங் லைக் எ கேனரி” என்று துப்பறியும் தொடரில் வந்தால் பாட்டுக் கச்சேரி நடக்கவில்லை. காவல்துறையிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் கதையை மட்டும் இருவரும் கவனித்திருக்கிறோம்: “குக்கூ இன் தி நெஸ்ட்” என்றால் உள்ளே வந்து இடத்தைப் பிடித்துக்கொண்ட வெளியாள்.

காக்கை என்றதும் ஒன்று. “டென் மைல்ஸ் அஸ் தி க்ரோ ஃப்ளைஸ்” உவமை போலத் தோன்றினாலும் அது தூரக் கணக்கு. சாலை வளைவுகளைச் சேர்க்காத நேர்க்கோட்டுத் தூரம். வாடகை வீடு தேடும்போது இப்படிச் சொன்னால், நடக்கும் தூரம் இதைவிடக் கூடுதல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

‘நாய்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் அது வந்தாலே வசவு. ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் வசவு இல்லை. “யூ லக்கி டாக்” என்று சக ஊழியர் சொன்னால் ‘கொடுத்துவைத்தவன்யா நீ’ என்பது பொருள். ‘அண்டர்டாக்’ ஜெயிக்க வாய்ப்புக் குறைந்தவர், கூட்டத்தின் அனுதாபம் அவர் பக்கம். ‘டாப் டாக்’ முதலிடத்தில் இருப்பவர். “லைக் எ டாக் வித் எ போன்” ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடாதவர். ஆனால் பெண்ணைப் பற்றிப் பேசும்போது ‘டாக்’ வந்தால் அது தோற்றத்தை இழிவு செய்வது. பெண்நாய்க்கான சொல் இன்னும் மோசம்.

ஆட்டிலும் கவனம். கிரிக்கெட், கால்பந்து பேச்சில் ஒருவரை ‘கோட்’ என்றால் உச்சகட்டப் பாராட்டு. ‘எக்காலத்திலும் ஆகச் சிறந்தவர்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தது. அதுவே “ஆக்ட் தி கோட்” என்றால் பிரிட்டனில் கோமாளித்தனம் பண்ணுவது. ‘ப்ளாக் ஷீப்’ வந்தால் நாம் உடனே ‘காவல்துறையில் கறுப்பு ஆடுகள்’ என்ற செய்தித்தாள் தலைப்பை நினைப்போம், உள்ளே இருந்து காட்டிக்கொடுப்பவர்கள் என்று. ஆங்கிலத்தில் பெரும்பாலும் குடும்பத்துக்கு ஒத்துவராதவர், பெயரைக் கெடுத்தவர். காட்டிக்கொடுப்பவருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ராட்’. உள்ளே ஒளிந்திருக்கும் உளவாளிக்கு ‘மோல்’.

எருமைக்கு அங்கே இந்த வேலை இல்லை. ‘எருமை மாடு மாதிரி நிற்கிறான்’ என்பதை அப்படியே பெயர்த்தால் யாருக்கும் எட்டாது. எதுவும் உறைக்காத தோல் என்றால் “எ ஹைட் லைக் எ ரைனோசரஸ்” – அரசியல்வாதிக்கு இது பாதிப் பாராட்டாகக்கூட இருக்கலாம். மந்தம் என்றால் “ஸ்லோ அஸ் எ ஸ்நெயில்”. அதுபோல ‘கணக்கில் புலி’ என்பதற்கு ‘டைகர்’ வராது. புலி அவர்களுக்கு ஆக்ரோஷம் மட்டும்.

எதிர்த் திசையில், நமக்கு உவமையாகப் பழகாத பிராணிகளும் வரும். “டெட் அஸ் எ டோடோ” – மொரிஷியஸ் தீவில் இருந்த, பறக்காத பறவை. 17ஆம் நூற்றாண்டில் அழிந்துபோனது. இப்போது வழக்கொழிந்த கருத்துக்கும் கருவிக்கும்கூட இதைச் சொல்வார்கள். “ஹேப்பி அஸ் எ க்ளாம்” அமெரிக்க வழக்கு. முழு வடிவத்தில் ‘ஓதம் ஏறிய நேரத்தில்’ என்ற வாலும் இருந்தது. தண்ணீர் வற்றும்போதுதான் மட்டி தோண்ட வருவார்கள். கடல் ஏறியிருந்தால் அதற்கு நிம்மதி. வால் அறுந்துபோனதால் சிரிக்கும் மட்டி புதிராக நிற்கிறது. “புவர் அஸ் எ சர்ச் மவுஸ்” – தேவாலயத்தில் சமையற்கட்டு இல்லை, எலிக்கு என்ன கிடைக்கும்? “பால்ட் அஸ் எ கூட்” பிரிட்டனில் வழுக்கைத் தலையைச் சொல்வது. அந்தப் பறவை நம் ஏரிகளிலும் உண்டு, நாமக்கோழி. நெற்றியில் உள்ள அதே வெள்ளையை நம்மவர் நாமம் என்று பார்த்தார்கள், அவர்கள் வழுக்கை என்று பார்த்தார்கள்.

ஐந்தாம் படி: யாரைச் சொல்கிறோம் என்று பாருங்கள்

புரிந்துகொள்வது வேறு, வாயால் சொல்வது வேறு. சில ஒப்புமைகளைக் கேட்டால் போதும், பயன்படுத்தவே வேண்டாம்.

பசு நமக்குச் சாது. ‘பசு மாதிரிப் பொண்ணு’ என்பது மெச்சும் சொல். ஆங்கிலத்தில், குறிப்பாக பிரிட்டனில், ஒரு பெண்ணை ‘கவ்’ என்றால் திட்டு. உருவத்தையும் குணத்தையும் சேர்த்துத் தாக்குவது. திமிங்கலம், யானை, பன்றி என்று உடல் பருமனைக் குறிக்கும் எதுவும் அப்படியே. யானை நடை கம்பீரம் என்று விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாது.

குரங்கு இவற்றில் மிக ஆபத்தானது. பிரிட்டனில் தாத்தா பாட்டிகள் துறுதுறு பேரனைச் செல்லமாக “சீக்கி மங்கி” என்பார்கள், நாம் ‘வாலு’ என்பது போல. ஆனால் கறுப்பினத்தவரை அச்சொல்லால் இழிவு செய்த நீண்ட வரலாறு இருப்பதால், அவர்களைக் குறித்து, குழந்தையானாலும், அது இனவெறிச் சொல்லே. 2008 ஜனவரியில் சிட்னி கிரிக்கெட் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸை ஹர்பஜன் சிங் அப்படிச் சொன்னாரா என்ற குற்றச்சாட்டு இரண்டு நாட்டு வாரியங்களையும் மோதவிட்டது. மூன்று டெஸ்ட் தடை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் நீங்கியது. 2018இல் ஒரு பெரிய உடை நிறுவனம் கறுப்பினச் சிறுவனுக்கு அந்தச் சொல் எழுதிய மேலாடையைப் போட்டு விளம்பரப் படம் எடுத்துவிட்டு, உலகம் முழுக்க மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் நண்பர்களுக்குள் சாதாரணமாகப் புழங்கும் ‘டேய் குரங்கு’ அந்த மண்ணுக்குப் போகும்போது வாயிலிருந்து முற்றாக நீங்க வேண்டும்.

பாதுகாப்பான கைவிதி: ஒருவர் செய்யும் வேலையை ஒப்பிடலாம், உடலை ஒப்பிடக் கூடாது. உங்களையே கேலி செய்துகொள்ள எதையும் பயன்படுத்தலாம். “ஐ ஸ்லெப்ட் லைக் எ லாக்”, “ஐ ஹாவ் எ மெமரி லைக் எ சிவ்” – சல்லடை மாதிரி ஞாபகம் – இவற்றால் யாரும் புண்பட மாட்டார்கள்.

ஆறாம் படி: எந்த ஊர் ஆங்கிலம்?

முகம் சிவந்தால் பிரிட்டனில் ‘பீட்ரூட்’, அமெரிக்காவில் ‘பீட்’. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை என்றால் பிரிட்டனில் ‘ட்ரூப்பர்’ (படைவீரர்), அமெரிக்காவில் ‘செய்லர்’ (மாலுமி). சாதித்துவிட்ட திருப்தியில் மீசை தடவும் பூனை பிரிட்டனில் பாலாடையைத் தின்றது, அமெரிக்காவில் கேனரிக் குருவியைத் தின்றது. சலிப்பூட்டுவது ஓரிடத்தில் சாக்கடைத் தண்ணீர், இன்னோரிடத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர். “ஹேப்பி அஸ் லாரி” (ரொம்ப மகிழ்ச்சி; லாரி இங்கே வண்டி அல்ல, ஓர் ஆளின் பெயர்) என்று கேட்டால் எதிரே இருப்பவர் பிரிட்டிஷ்காரரோ ஆஸ்திரேலியரோ என்று ஊகிக்கலாம். கேட்கும்போது இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது ஒன்றோடு நில்லுங்கள்.

ஏழாம் படி: வாயில் வருமுன் ஐந்து சரிபார்ப்பு

‘அஸ்’ வேறு, ‘லைக்’ வேறு. “ஹீ வொர்க்ஸ் அஸ் எ டாக்” என்றால் நாய் உத்தியோகம் பார்க்கிறான் என்று ஆகும். “அஸ் யுவர் ஃபாதர்” என்றால் உன் அப்பாவாகிய நான். “லைக் யுவர் ஃபாதர்” என்றால் உன் அப்பாவைப் போல. குடும்பச் சண்டையே மூளும்.

‘எ’, ‘அன்’ விட்டுப்போகக் கூடாது. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் “லைக் டாக்”, “லைக் ஹார்ஸ்” என்று நம் நாக்கு ஓடும். உயிரொலியில் தொடங்கும் ஆக்ஸ், அவுல், ஈல் மூன்றுக்கும் ‘அன்’. பலரைச் சொன்னால் விலங்கும் பன்மை: “தே ஆர் அஸ் பிஸி அஸ் பீஸ்”.

‘அதே மாதிரி’யை அப்படியே பெயர்த்து “சேம் லைக்” என்று சொல்வது நம்மூர்த் தவறு. “தி சேம் அஸ்” அல்லது வெறும் ‘லைக்’.

விலங்கை மாற்றாதீர்கள். கழுதையும் கோவேறு கழுதையும் உறவுதான், ஆனாலும் பிடிவாதத்துக்கு ‘ம்யூல்’தான் பழகிய வடிவம்.

கடைசியாக இடம். வேலை விண்ணப்பம், புகார்க் கடிதம், தேர்வுக் கட்டுரை – மூன்றிலும் வேண்டாம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், பேச்சுப் பகுதியின் 7ஆம் நிலை அளவுகோல் மரபுத்தொடர் சார்ந்த சொல்லாட்சியை எதிர்பார்க்கிறது என்பதற்காகப் பயிற்சி மையங்கள் மழைக்குப் பூனையும் நாயும் பொழியும் தொடரைப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுகின்றன. அன்றாடப் பேச்சில் அது அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. இடம் பொருந்தாமல் திணித்தால் மனப்பாடம் என்று உடனே தெரிந்துவிடும்.

எவ்வளவு கற்பது? கேட்டுப் புரிய நூறு, சொல்லப் பத்து. குறிப்பேட்டில் நான்கு கட்டம் போதும்: தொடர், அது எடுத்த குணம், புகழ்ச்சியா இகழ்ச்சியா, எந்த நாட்டவர் சொன்னார். அகராதியில் தேடும்போது முதலில் விலங்கின் பெயரில் தேடுங்கள், மரபுத்தொடர்ப் பகுதி அதன் அடியில் இருக்கும், கிடைக்காவிட்டால் பண்புச்சொல்லில். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவற்றின் மாணவர் அகராதிகள் இணையத்தில் இலவசம். பேச்சு வழக்கா, இகழ்ச்சியா, புண்படுத்துவதா, பழசா என்ற சிறு குறிப்பை அவை தொடரின் அருகிலேயே போடும். பொருளைவிட அந்தக் குறிப்பை முதலில் படியுங்கள்.

சோதித்துப் பார்க்க நான்கு. விடையைப் படிக்குமுன் எந்தக் குணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“தி ஜோக் வென்ட் டவுன் லைக் எ லெட் பலூன்.” ஈயத்தில் செய்த பலூன் மேலே போகாது. நகைச்சுவை எடுபடவில்லை.

“ஹீ இஸ் லைக் எ பேர் வித் எ சோர் ஹெட் திஸ் மார்னிங்.” வினை. தலைவலியோடு இருக்கும் கரடி. இன்று காலை அவர் எரிந்து விழுகிறார், விடுப்புக் கேட்காதீர்கள்.

“தி டூ சிஸ்டர்ஸ் ஆர் லைக் சாக் அண்ட் சீஸ்.” பிரிட்டிஷ் வழக்கு. சாக்பீஸ் ஓரிடம், பாலாடைக்கட்டி ஓரிடம்; அக்கா தங்கைக்குள் ஒரு ஒற்றுமையும் இல்லை.

“மை மதர் அண்ட் ஹர் நெய்பர் காட் ஆன் லைக் எ ஹவுஸ் ஆன் ஃபயர்.” தீப்பற்றிய வீடு என்றதும் சண்டை என்று எழுதியிருப்பீர்கள். தீ மளமளவென்று பிடிக்கும் வேகம்தான் இங்கே குணம். அம்மாவும் பக்கத்து வீட்டம்மாவும் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.